எடிட்டா க்ருபெரோவாவின் உச்ச ஸ்வரங்கள்: எதைக் கேட்டுத் தீர்ப்பு சொல்வது?

மாடிவரிசை:

ஸ்லோவாக்கியப் பாடகி எடிட்டா க்ருபெரோவாவின் குரலைப் பற்றி ஆப்பரா ரசிகர்களிடையே இரண்டு கட்சி உண்டு. மொட்சார்ட்டின் ஆப்பராவில் வரும் இரவு ராணியின் உச்ச எஃப் ஸ்வரம் இவ்வளவு சுத்தமாக வேறு யாருக்கு வந்தது என்று கேட்பது ஒரு கட்சி. பெல்லினியின் நோர்மாவைக் கேளுங்கள், ஒவ்வொரு உச்சத்துக்கும் கீழேயிருந்து வழுக்கிக்கொண்டுதான் ஏறுகிறார் என்பது மற்றது. இருவர் சொல்வதும் சரி. சிக்கல் என்னவென்றால், இருவரும் வெவ்வேறு தேர்வின் மதிப்பெண்ணைக் காட்டிச் சண்டை போடுகிறார்கள்.

முதலில் இரவு ராணி. 1791-ல் வியன்னாவில் 'மாயப் புல்லாங்குழல்' அரங்கேறியபோது அந்தப் பாத்திரத்தைப் பாடியவர் யோசெஃபா ஹோஃபர், மொட்சார்ட்டின் மனைவிக்கு அக்கா. இரண்டாம் அங்கத்தில் வரும் கோபப் பாட்டில் உச்ச எஃப் நான்கு தடவை வருகிறது. அதே பாட்டு இரண்டு ஸ்தாயி கீழே இன்னொரு எஃப் வரைக்கும் இறங்குகிறது. ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் உச்ச எஃப் சுமார் 1397 ஹெர்ட்ஸ்.

எண்ணைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த எஃப் நிற்பதே இல்லை. நிமிடத்துக்கு 140 தாள அடி என்ற வேகத்தில் அரை அடி நேரம் ஒலிக்கும் ஸ்வரம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஸ்டக்காட்டோ, அதாவது வெட்டி வெட்டிப் பாடுவது என்பதால் அதிலும் ஏறக்குறைய பாதி மௌனம். நொடிக்கு ஆறு முறை அசையும் வைப்ரேட்டோவின், அதாவது குரலின் இயல்பான அதிர்வின், ஒரு சுற்றுகூட அதற்குள் முடியாது. ஸ்வரம் ஆடுகிறதா, தொங்குகிறதா, அழுத்தினால் தாங்குகிறதா என்று பார்க்க அவகாசமே கிடையாது.

ஆகவே எஃப்பை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் வரிசையாக வரும் ஸ்டக்காட்டோ உச்ச ஸீக்களைக் கேளுங்கள். எல்லாம் ஒரே கனமா? கடைசி இரண்டு சுருதியில் லேசாகச் சரிகிறதா? ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'ஹ' என்று காற்று கசிகிறதா? காற்று கசிந்தால் குரல்நாண்கள் சரியாக மூடவில்லை என்று பொருள். மூச்சு பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். அப்புறம், பாட்டின் பிற்பாதியில் மும்மூன்றாக ஓடும் கோர்வையைக் கேளுங்கள். எஃப்புக்காகச் சக்தியைச் சேமித்தவர்கள் அகப்படுவது அங்கேதான். 1981-ல் ஹைட்டிங்க் நடத்திய பதிவில் க்ருபெரோவாவின் ஸீக்கள் ஒன்றுபோல இருக்கின்றன, மும்மூன்றுக் கோர்வையிலும் ஒரு ஸ்வரம் விழுங்கப்படவில்லை. அவருடைய இரவு ராணி பெரிதாகப் பேசப்படுவதற்கு நியாயமான காரணம் இது. எஃப் அல்ல.

ஜாருப்பிரியர்:

வழுக்கல் விஷயத்தில் கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது கொஞ்சம் ஏமாற்றும். நமக்கு ஜாரு அழகு. இத்தாலிய முறையிலும் அதற்கு இடமுண்டு, போர்டமெந்தோ என்பார்கள். ஆனால் அதற்கு இலக்கணம் இருக்கிறது. முந்தைய ஸ்வரத்தில் தொடங்கி, முந்தைய அசையைச் சுமந்துகொண்டு, அடுத்த ஸ்வரத்தில் போய்ச் சேர வேண்டும். க்ருபெரோவாமேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு வேறு. புதிய அசையையே ஸ்வரத்துக்குக் கீழே, எந்த இடம் என்று சொல்ல முடியாத ஒரு சுருதியில் தொடங்கி, அங்கிருந்து மேலே தூக்குவது. 2006 மியூனிக் நோர்மாவின் காட்சிப் பதிவில் இது தெளிவாகக் கேட்கும்.

ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்றால், உச்சத்தில் நேராக இறங்க வேண்டுமானால் குரல்நாண்கள் ஒலி பிறக்கும் முன்பே சரியான அளவு இழுபட்டிருக்க வேண்டும். இழுப்பு குறைந்தால் சுருதி தாழும், மூச்சழுத்தம் மிஞ்சினால் குரல் உடையும். கீழேயிருந்து ஏறினால் நாண்கள் படிப்படியாக இழுபடும், ஆபத்து குறைவு. வயது ஏற ஏற அந்தப் பாதுகாப்பு தேவைப்படுகிறது. ஸ்டக்காட்டோவில் ஏறுவதற்கு நேரமே இல்லாததால் அங்கே வழுக்கலும் இல்லை. பெல்லினியின் நீண்ட வரியில் நேரம் தாராளம்.

ஒரு சோதனை: உயிரெழுத்தில் தொடங்கும் அசையையும் மெய்யில் தொடங்கும் அசையையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு கேளுங்கள். ப, த போன்ற வல்லின மெய்க்குப் பிறகு சுத்தமாகவும் உயிரெழுத்தில் மட்டும் வழுக்கலாகவும் வந்தால் அது தொடக்கப் பழக்கம். ம, ந வந்தாலும் வழுக்கினால், அந்த மெல்லினத்தையே கீழ்ச் சுருதியில் பிடித்துக்கொண்டு ஏறுகிறார் என்று அர்த்தம். எல்லா இடத்திலும் வழுக்கினால் குரலுக்கே அது தேவையாகிவிட்டது.

ஒலிப்பொறி:

சுருதி தாழ்ந்தது, ஏறியது என்று வாதாடுபவர்களில் பலர் அளந்து பார்ப்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போதும்.

முதலில் ஒலிநாடாவின் வேகம் சரியா என்று பாருங்கள். பழைய வானொலிப் பதிவுகளும் இணையத்தில் ஏற்றப்பட்ட நகல்களும் அடிக்கடி வேகம் மாறியிருக்கும். சுமார் 6 சதவீதம் வேகம் கூடினால் எல்லாமே அரை ஸ்வரம் ஏறிவிடும், ஈ ஃப்ளாட்டை ஈ என்று கொண்டாடிவிடுவோம். பாடகியைத் தொடாமல், வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் கடைசி நாதத்தின் ஆதார சுருதியை முதலில் அளக்க வேண்டும்.

இரண்டாவது, சுருதி சேர்க்கும் ஏ ஸ்வரம் எத்தனை ஹெர்ட்ஸ்? வியன்னா இசைக்குழு 443-ஐ ஒட்டிச் சுருதி சேர்க்கிறது. அங்கே உச்ச எஃப் 1406 ஹெர்ட்ஸ், உச்ச ஈ ஃப்ளாட் 1253. மொட்சார்ட் காலத்து வாத்தியங்களோடு 430-ல் வாசித்தால் அதே எஃப் 1365-தான். இரண்டுக்கும் இடையே அரை ஸ்வரத்தில் பாதி வித்தியாசம். வியன்னாப் பதிவைக் கேட்டுக்கொண்டே வீட்டுக் கீபோர்டை அமுக்கி, பாடகி சுருதி ஏறிவிட்டார் என்று சொல்வது அநியாயம்.

மூன்றாவது, ஸ்வரம் நிற்கும் பகுதியை மட்டும் தேர்ந்து அலைமாலைப் படம் எடுங்கள். நிற்கும் ஸ்வரத்துக்கு ஒரு தடவைக்கு 8192 ஒலி மாதிரிகள் என்ற அளவு பொருத்தம். 44,100 மாதிரி வீதத்தில் அது சுமார் 0.19 நொடி, வைப்ரேட்டோவின் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம். 5 ஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும். ஈ ஃப்ளாட்டில் அரை ஸ்வரம் என்பது 74 ஹெர்ட்ஸ், எனவே இந்தத் துல்லியம் தாராளம். ஒரே ஓர் இடத்தில் அளந்து முடிவுகட்டாமல், ஒரு முழு நொடிக்கு நகர்த்தி நகர்த்தி அளந்து சராசரி எடுங்கள். ஸ்டக்காட்டோ எஃப்புக்கு 4096 வையுங்கள். அதைவிட நீண்டால் மௌனமும் அடுத்த ஸ்வரமும் கலந்துவிடும்.

கைபேசியில் அரங்கத்திலிருந்து எடுத்த பதிவுகளைக் குரலின் கனத்துக்கோ பளபளப்புக்கோ சாட்சியாக வைக்காதீர்கள். கைபேசி உரத்த ஒலியைத் தானாகவே அமுக்கும், மெல்லியதைத் தூக்கும். மெல்லத் தொடங்கி விரிந்து மீண்டும் மெலியும் ஸ்வரம், அதாவது க்ருபெரோவாவின் தலைசிறந்த வித்தை, அதில் தட்டையாகிவிடும். சுருதியை மட்டும் நம்பலாம்.

கீழ்த்தளம்:

உச்சத்தில் சொல்லே புரியவில்லை என்ற புகாரும் உண்டே. பாடகி ஜோன் ஸதர்லாண்டுக்கும் இதே புகார், க்ருபெரோவாவுக்கும் இதே புகார்.

மாடிவரிசை:

ஸதர்லாண்டைப் பற்றிய புகார் நடு ஸ்தாயியிலும் சொல் மங்குகிறது என்பது. அது நியாயமான புகார். உச்சத்தில் மங்குவது எல்லோருக்கும் பொது. 'ஆ' என்ற உயிரொலியை 'ஈ'யிலிருந்து பிரித்துக் காட்டுவது வாய்க்குழியின் ஒத்ததிர்வுகள். 'ஆ'வுக்கு அதில் முதலாவது ஏறக்குறைய 800 முதல் 1000 ஹெர்ட்ஸ். 'ஈ', 'ஊ'வுக்கு அதைவிட வெகு கீழே. பாடும் ஸ்வரமே அதைத் தாண்டிவிட்டால் வேறுபாட்டைக் காட்ட ஒலியில் எதுவும் மிச்சமில்லை. உச்ச ஸீ வரை தாடையைத் திறந்து திறந்து அந்த ஒத்ததிர்வை ஸ்வரத்தோடு சேர்த்துக்கொண்டு போகலாம். அதற்கு மேல் திறக்கவும் இடமில்லை. மொட்சார்ட்டும் எஃப்பில் புதுச் சொல் எதையும் வைக்கவில்லை. 'ஒருபோதும் இல்லை' என்ற பொருளுள்ள சொல்லின் கடைசி அசையை நீட்டித்தான் அங்கே ஏற்றுகிறார்.

குழல்:

தொனிசெத்தியின் ஆப்பராவில் வரும் லூச்சியா பற்றி யாரும் பேசவில்லை. நிற்கும் உச்ச ஸ்வரத்துக்கான தேர்வு அங்கேதான் நடக்கிறது. க்ருபெரோவா 1978-ல் வியன்னாவில் பாடிய பாத்திரம். 1983-ல் ரெஷினோவோடும், 1991-ல் பானிங்கோடும் பதிவு செய்தார்.

பித்துக் காட்சியின் முடிவில் வரும் ஈ ஃப்ளாட் தொனிசெத்தி எழுதியது இல்லை. 1835-ல் நேப்பிள்ஸில் அரங்கேறிய அந்த ஆப்பராவின் கையெழுத்துப் பிரதியில் காட்சி எஃப்பை ஆதாரமாகக் கொண்டது. வழக்கத்தில் முழு ஸ்வரம் இறக்கி ஈ ஃப்ளாட்டில் பாடுகிறார்கள். அதனால்தான் ஈ ஃப்ளாட் அங்கே ஆதார சுருதியாக, எல்லாம் வந்து சேரும் இடமாக நிற்கிறது. எஃப்பிலேயே பாடினால் முடிவும் உச்ச எஃப் ஆகிவிடும், லிலி பான்ஸ் அப்படித்தான் பாடினார். புல்லாங்குழலோடு நீளும் கடென்ஸாவும், அதாவது பாடகி தாளக் கட்டின்றித் தன் திறமையைக் காட்டும் பகுதியும், பின்னால் சேர்ந்ததே, 1889-ல் பாரிஸில் மெல்பா பாடியதோடு அது நிலைபெற்றது. தொனிசெத்தி முதலில் நினைத்த வாத்தியம் கண்ணாடி ஹார்மோனிகா. பிரதியில் அதை அடித்துவிட்டுக் குழலுக்கு மாற்றினார்.

இந்தக் கடென்ஸாவில் நடக்கும் பிழை ரசிகர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. பாடகியும் குழலும் மட்டும், இசைக்குழு முழுவதும் மௌனம். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே சேர்ந்து நகர்ந்துவிடுவார்கள். ஊத ஊதக் குழல் சூடேறிச் சுருதி ஏறும். பாடகி மெல்லப் பாடும்போது குழலும் மெல்ல ஊத வேண்டும், அப்போது காற்று தளர்ந்து சுருதி தாழும். நகர்வு இரண்டு பக்கமும் நடக்கலாம். அவர்களுக்குள் ஒரு அபஸ்வரமும் கேட்காது. இசைக்குழு திரும்ப நுழையும் கணத்தில்தான் குட்டு வெளிப்படும். ஆகவே கடென்ஸா முடிந்து முதல் நாதம் விழும் இடத்தைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். 1983 பதிவில் க்ருபெரோவா அந்த இடத்தில் அசைக்க முடியாதபடி நிற்கிறார். பதிவுக்கூடத்தில் மறுபடி எடுக்க வசதி உண்டு என்பதையும் மறக்காமல், வானொலியில் நேரடியாக ஒலிபரப்பான மாலைகளோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று. இறுதி உச்சத்துக்கு முன்னால் சில தாள அளவுகளைக் கோரஸுக்கு விட்டுவிட்டுப் பாடகிகள் மூச்செடுப்பது சகஜம். அதைக் குறையாக எழுதாதீர்கள். எத்தனை அளவு விட்டார், அதற்குப் பிறகு எத்தனை நொடி பிடித்தார் என்று எழுதினால் பயன்படும்.

ஜாருப்பிரியர்:

ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு அவருடைய முழுத் திறமையும் தெரியும் இடம் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'அரியாட்னே' ஆப்பராவில் வரும் ஸெர்பினெட்டாதான். ஸ்ட்ராஸ் 1912-ல் எழுதிய முதல் வடிவத்தில் அந்தப் பாட்டு எஃப் ஷார்ப் வரை போகிறது. 1916 வியன்னா வடிவத்தில் சுருக்கி, முழு ஸ்வரம் இறக்கினார், உச்சம் ஈ ஆனது. இன்று எங்கும் பாடுவது பிந்தையதையே. கேட்பதற்கு எளிதாக்கியதுபோல் தோன்றும். ஆனால் பாட்டு பத்து நிமிடத்துக்கு மேல். முப்பத்தேழு பேர் கொண்ட சிறிய இசைக்குழு, பல இடங்களில் இரண்டு மூன்று வாத்தியம் மட்டுமே, ஒளிந்துகொள்ள இடமில்லை.

1978-ல் பேம் நடத்திய திரைவடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நிற்கும் ஸ்வரங்களில் அவர் மெல்லத் தொடங்கி, விரித்து, மறுபடி நூலாக்குகிறார். குரலை உரக்க விட்டால் மூச்சழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் சுருதியும் தானாக ஏறும். அதைத் தடுக்க நாண்களின் இழுப்பைக் கணத்துக்குக் கணம் தளர்த்தியாக வேண்டும்; மெலியும்போது அதற்கு நேர்மாறு. இதை நடு ஸ்தாயியில் செய்யவே பயிற்சி தேவை. உச்ச ஸீக்கு மேலே சுருதி அசையாமல் செய்தவர்கள் மிகச் சிலர். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றிப் பாடும் ட்ரில்லையும் பாருங்கள்: இரண்டு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். ஒரே ஸ்வரம் அகலமாக ஆடினால் அது வைப்ரேட்டோ, எத்தனை வேகமாக இருந்தாலும் சரி.

கீழ்த்தளம்:

அப்படியானால் பிற்காலத்தில் பாடிய, தொனிசெத்தியின் 'ரொபெர்தோ தெவெரோ'? மியூனிக்கில் 2004 தயாரிப்பு, 2019 மார்ச்சில் அதே எலிஸபெத் ராணி பாத்திரத்தோடுதான் ஆப்பரா மேடையிலிருந்து விடைபெற்றார்.

மாடிவரிசை:

அதிலும் இதே வழிமுறைதான். கீழ் ஸ்தாயியில் அவருக்கு இயல்பான மார்புக்குரல் பலம் கிடையாது. எலிஸபெத்தின் கோபத்துக்காகக் கரகரப்பைச் சேர்க்கிறார். சிலருக்கு அது நாடகம், சிலருக்கு அபஸ்வரம். எனக்கு, அந்த இடங்களில் ஸ்வரம் கலைகிறது; ராணி மேடையில் பொய்ம்முடியைக் கழற்றும் காட்சியின் உண்மை அதை ஓரளவு ஈடுசெய்கிறது. வழுக்கலும் அதிகம். ஆனால் மெல்லிய உச்ச ஸ்வரங்களை மட்டும் தனியாக எடுத்து, ஒலிப்பொறி சொன்ன முறையில் அளந்து, 1978 திரைவடிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்வரத்தின் தொடக்கத்தைத் தனியாகவும், நின்ற பிறகு உள்ள பகுதியைத் தனியாகவும் அளக்க வேண்டும். இரண்டையும் கலந்து ஒரே சராசரி எடுத்தால், தொடக்கத்தில் உள்ள வழுக்கல் முழு ஸ்வரத்தையும் தாழ்ந்ததாகக் காட்டிவிடும்.