உயரமான கரவன் ட்ரெயிலரைக் கொழும்பிலிருந்து நிலாவெளிக்குக் கொண்டுவருதல்: தாழ்ந்த பாலங்களைத் தவிர்ப்பது எப்படி?

நிலாவெளிக் காணிக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நிலாவெளியில் உள்ள எங்கள் காணியில் விருந்தினர் தங்குவதற்காகக் கொழும்பில் ஒரு பழைய கரவன் ட்ரெயிலரை வாங்கியிருக்கிறோம். பதிவு, காப்புறுதி வேலைகள் முடிந்துவிட்டன. டபுள் கெப் ஒன்றில் கொளுவி அடுத்த மாதம் இழுத்து வர எண்ணியுள்ளோம். ட்ரெயிலரின் உயரம் 2.85 மீற்றர் என்று அதன் பத்திரத்தில் உள்ளது. ஆனால் முன்பு வைத்திருந்தவர் கூரையின் மேல் ஏசி ஒன்றைப் பூட்டியிருப்பதால் இப்போதைய உயரம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். கூகுள் மெப் காட்டும் பாதையை நம்பி வரலாமா, தாழ்ந்த புகையிரதப் பாலங்கள் குறுக்கிடுமா, எந்த வீதியால் வருவது பாதுகாப்பானது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

கந்தளாய்ச் சாரதி

வணக்கம் ஐயா. நான் பல ஆண்டுகளாகக் கொள்கலன் லொறி ஓட்டுகிறேன். பாதையைப் பற்றிப் பேசுவதற்கு முன் உயரத்தை நீங்களே அளக்க வேண்டும். பத்திரத்தில் உள்ள இலக்கத்தை ஒருபோதும் நம்பாதீர்கள். ட்ரெயிலரை டபுள் கெப்பில் கொளுவி, ரயர்களுக்குச் சரியான காற்றடித்து, சீமெந்துத் தரையில் நிறுத்துங்கள். ஏசியின் உச்சியில் ஒரு நேரான சலாகையை வைத்து, அது பக்கவாட்டில் வெளியே நீளும்படி பிடித்து, மட்டம் பார்த்த பின் அதன் நுனியின் அடிப்பக்கத்திலிருந்து தரைக்கு நாடா பிடியுங்கள். சலாகை மட்டமாக இல்லாவிட்டால் சில அங்குலங்கள் பிழைத்துவிடும். மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர்த் தாங்கி வெறுமையாக இருக்கும்போது அளவுங்கள், ஏனென்றால் பாரம் குறையும்போது வில்தட்டுகள் நிமிர்ந்து வண்டி உயரும்.

பாதையைப் பொறுத்தவரை, ஏ1 வீதியில் அம்பேபுஸ்ஸ வரை வந்து, அங்கிருந்து ஏ6 வீதியில் குருநாகல், தம்புள்ள, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு வருவதையே நான் விரும்புவேன். கண்டி, மாத்தளை வழியாக வர முயல வேண்டாம். கடுகண்ணாவை ஏற்றமும் அதன் பின்வரும் வளைவுகளும் ட்ரெயிலர் இழுத்துப் பழகாதவருக்கு உகந்தவை அல்ல. உங்கள் வண்டிக்கு உண்மையான ஆபத்து பாலங்களைவிட, வீதிக்குக் குறுக்கே தொங்கும் தொலைபேசிக் கம்பிகளிலும், கடைத்தெருக்களில் தாழக் கட்டிய மின்விளக்குச் சரங்களிலும், ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட காட்டு வீதியில் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும் மரக்கிளைகளிலுமே இருக்கிறது. அந்தக் காட்டுப் பகுதியைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். இரவில் யானை நடமாட்டம் இருக்கும் இடத்தில் இறங்கி நின்று கிளையைப் பார்க்க முடியாது. கோயில் திருவிழாக் காலத்திலும் வெசாக் வாரத்திலும் நகரங்களில் பந்தல்களும் வளைவுகளும் எழும்பிவிடும் என்பதால் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

ரொறன்ரோவில் வாழும் உப்புவெளியான்

கந்தளாய் அண்ணை சொன்னது முற்றிலும் சரி. நான் உப்புவெளியில் பிறந்து, இப்போது கனடாவில் இத்தகைய ட்ரெயிலரைக் கோடையில் இழுத்துச் செல்பவன். இங்குள்ள அனுபவத்திலிருந்து இரண்டு விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, கூகுள் மெப் உங்கள் வண்டியின் உயரத்தைக் கேட்பதே இல்லை. காருக்குரிய பாதையையே அது எல்லோருக்கும் காட்டும். லொறிகளுக்கும் கரவன்களுக்கும் என்று தனியாக உள்ள வழிகாட்டிக் கருவிகளில் உயரம், நீளம், நிறை ஆகியவற்றைப் பதிவுசெய்யலாம். ஓஸ்மாண்ட் என்ற செயலியிலும் அந்த வசதி உண்டு. ஆனால் அது ஓபன் ஸ்ட்ரீட் மெப்பில் பொதுமக்கள் பதிந்த தரவையே பயன்படுத்துகிறது. ஒரு பாலத்துக்கு உயர எல்லை பதியப்படாமல் இருந்தால், அந்தப் பாலம் உயரமானது என்று பொருள் கொள்ளக் கூடாது; எவரும் அதை அளந்து பதியவில்லை என்பதே அதன் பொருள். ஆகவே செயலி காட்டும் பாதையை, வீதிக் காட்சிப் படங்கள் உள்ள இடங்களில் அவற்றையும் பார்த்து, பாலம் பாலமாகச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது, அறிவிப்புப் பலகை மட்டும் எவரையும் காப்பாற்றுவதில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் டர்ஹம் நகரில் 1940ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஒரு புகையிரதப் பாலம் இருக்கிறது. அதன் கீழ் இடைவெளி 11 அடி 8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.56 மீற்றர் மாத்திரமே. எச்சரிக்கைப் பலகைகள் வைத்தார்கள், பாலத்தின் முன் வீதிக்குக் குறுக்கே இரும்பு உத்தரம் நிறுத்தினார்கள், உயரமான வண்டி வருவதை உணர்ந்து சிவப்பு விளக்கு எரியும் ஏற்பாடும் செய்தார்கள். இருந்தும் வண்டிகள் கூரை கிழிந்துகொண்டே இருந்தன. 2019 ஒக்ரோபரில் பாலத்தை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்திய பின்னரும் மோதல்கள் நிற்கவில்லை. அங்கே மோதுபவர்களில் பலர் வாடகைக்கு எடுத்த பெட்டி லொறியை ஓட்டுபவர்கள். தங்கள் வண்டியின் உயரத்தை அறியாதவருக்குப் பலகையில் உள்ள இலக்கத்தால் எந்தப் பயனும் இல்லை. பிரித்தானியாவில் 3 மீற்றருக்கு மேற்பட்ட உயரமுள்ள வண்டியின் சாரதி அந்த உயரத்தைத் தன் கண்ணுக்கு எதிரே எழுதி ஒட்டியிருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நீங்களும் மீற்றரிலும் அடியிலும் எழுதிச் சாரதியின் முன் ஒட்டிவிடுங்கள்.

நியூயோர்க் பக்கம் உறவினரைப் பார்க்க வருபவர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பார்க்வே என்று பெயருள்ள பழைய வீதிகள் பலவற்றில் ட்ரெயிலர்களுக்கு அனுமதியே இல்லை. கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயும் அப்படித்தான். காருக்குரிய வழிகாட்டி அவற்றுக்குள் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடும்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்

பாலத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தை எவ்வாறு வாசிப்பது என்பதை மட்டும் விளக்குகிறேன். ஒரு பாலத்தின் கீழே வீதிக்கு மீண்டும் தார் போடும்போது பழைய படையைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் இடைவெளி அந்த அளவுக்குக் குறைந்துவிடும், பலகையோ பழைய இலக்கத்துடனேயே நிற்கும். பாலத்தின் கீழே வீதி பள்ளமாக இறங்கி ஏறுமானால் இன்னொரு சிக்கல் உண்டு. டபுள் கெப் எதிர்ப்பக்க ஏற்றத்தில் ஏறத் தொடங்கும்போது இரண்டையும் இணைக்கும் கொளுவி உயர்ந்து, ட்ரெயிலரின் முன்கூரையும் அதனுடன் உயரும். மட்டமான தரையில் நீங்கள் அளந்த உயரம் அந்தக் கணத்தில் செல்லுபடியாகாது. இந்தக் காரணங்களால் குறைந்தது 20 சென்ரிமீற்றராவது இடைவெளி மிஞ்சாத பாலத்துக்குள் ட்ரெயிலருடன் நுழையக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வளைவுப் பாலங்களில் உச்சி நடுவில்தான் இருக்கும், நாமோ இடப்பக்கம் ஓட்டுகிறோம். நம் திருகோணமலையிலேயே பிரட்ரிக் கோட்டை வாசலைப் பாருங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வீதி அந்தக் கல் வளைவின் ஊடாகவே செல்கிறது. நடுவில் நிமிர்ந்து நிற்கும் வளைவு ஓரத்துக்கு வர வர எவ்வளவு விரைவாகத் தாழ்கிறது என்பதை அங்கே நின்று பார்த்தாலே புரியும். பெட்டி வடிவான வண்டிக்கு நடு உயரத்தால் பயனில்லை. கூரையின் இரு மூலைகளும் கடக்கும் இடத்தின் உயரமே கணக்கு. எந்தக் காரணம் கொண்டும் கரவனை அந்த வாசலுக்குள் கொண்டுசெல்லாதீர்கள். அது நூற்றாண்டுகள் பழைமையான கட்டடம். அதன் கல்லில் ஒரு கீறல் விழுவதையும் நாம் அனுமதிக்கக் கூடாது. விருந்தினரை வெளியே இறக்கினால் அவர்கள் மான்களைப் பார்த்துக்கொண்டு நடந்தே கோயிலுக்குப் போகலாம்.

நிலாவெளிக் காணிக்காரர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கொழும்பில் நிற்கும் ட்ரெயிலரை மைத்துனர் நீங்கள் சொன்னபடி அளந்தார். ஏசியுடன் 3.21 மீற்றர், ஏறத்தாழ 10 அடி 6½ அங்குலம் வருகிறது. ஒரேயொரு சந்தேகம்: வழியில் தாழ்ந்த பாலமோ கம்பியோ எதிர்ப்பட்டால் உடனடியாக என்ன செய்ய வேண்டும்?

கந்தளாய்ச் சாரதி

சந்தேகம் வந்த இடத்திலேயே, பாலத்துக்குள் நுழையுமுன், நான்கு சமிக்ஞை விளக்குகளையும் எரியவிட்டு நிறுத்துங்கள் ஐயா. ஒருவர் இறங்கிப் பின்னால் வரும் வாகனங்களை மறிக்க, இன்னொருவர் பக்கத்தில் நின்று கூரையையும் பாலத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். சாரதி தனியாகப் பின்னெடுக்கவே கூடாது. பின்னெடுக்க இடமில்லாவிட்டால் 119க்கு அழைத்துப் பொலிசாரின் உதவியுடன் போக்குவரத்தை நிறுத்திய பிறகு செய்யுங்கள். புகையிரதப் பாலத்தில் வண்டி முட்டிவிட்டால், சேதம் சிறிதாகத் தெரிந்தாலும், அடுத்த புகையிரதம் வருவதற்கு முன் அறிவிப்பதுதான் முதல் வேலை.

கம்பி விடயத்தில் இன்னும் கவனம் தேவை. மின்கம்பிகள் மதிய வெயிலில் விரிந்து காலையைவிடத் தாழத் தொங்கும். தடி கொண்டு கம்பியை உயர்த்திப் பிடித்து வண்டியை விடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதை அறவே செய்யாதீர்கள். மின்கம்பி அறுந்து வண்டியின் மேல் விழுந்தால் எல்லோரும் உள்ளேயே இருந்துகொண்டு மின்சார சபைக்கு அறிவியுங்கள். தீப்பற்றி வெளியேறியே ஆக வேண்டிய நிலை வந்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களை அகட்டாமல் சிறு சிறு அடியாக நகர்ந்து விலக வேண்டும்.

அத்துடன், டபுள் கெப்பில் மட்டும் ஒரு நாள் முன்கூட்டியே கொழும்பிலிருந்து நிலாவெளி வரை வந்து பாருங்கள். 3.21 மீற்றருடன் 20 சென்ரிமீற்றரைக் கூட்டி, 3.41 மீற்றர் நீளத்துக்கு ஒரு பிளாஸ்ரிக் குழாயை வெட்டி எடுத்து வாருங்கள். மின்கம்பி இல்லாத பாலங்களிலும் வளைவுகளிலும், உங்கள் கரவனின் மூலை கடக்கும் இடத்தில் அதை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கலாம். கம்பியுள்ள இடங்களில் குழாயை வெளியே எடுக்காமல் கண்ணால் மட்டும் பார்த்து, ஐயமுள்ள இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கந்தளாய் தாண்டி வரும்போது சொன்னால் நானும் உங்களுடன் சேர்ந்து வருகிறேன்.