எங்கள் தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்ய வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. தாம்பரம் பக்கம் எங்கள் தெருவில் பதினோரு நாய்கள் இருக்கின்றன. அதில் இரண்டுக்குத்தான் காதில் வெட்டுக் குறி, அதாவது கருத்தடை ஆனதற்கான அடையாளம். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனை ஒரு நாய் கடித்துவிட்டது. தடுப்பூசி போட்டு வருகிறார்கள், பையன் நன்றாக இருக்கிறான். ஆனால் தெருவில் கோபம் அடங்கவில்லை. எல்லாவற்றையும் பிடித்து ஏரிக்கரையில் விட்டுவிடலாம் என்கிறார்கள்.

அந்தப் பையனின் அம்மாவின் பயம் நியாயமானது. அவரிடம் போய் வாதாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இருக்கிற நாய்களை அகற்றினால், குப்பையும் சாப்பாடும் இருக்கும்வரை வேறு நாய்கள் வந்து சேரும், அவை ஊசி போடாதவையாக இருக்கும். மத்திய அரசின் 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி, அப்புறம் பிடித்த இடத்திலேயே விடுவது என்றுதான் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை அதே இடத்தில் விடச் சொன்னது.

இரண்டு உதவி வேண்டும். ஆளைக் கண்டாலே ஓடும் மூன்று பெட்டை நாய்களைக் காயப்படுத்தாமல் வலையில் பிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? ஒன்று சினையாக இருக்கிறதோ என்று சந்தேகம், அதனால் அவசரம். இன்னொன்று, ஞாயிறு மாலை தெருக் கூட்டம். உங்கள் பகுதியில் கருத்தடைக்குப் பிறகு என்ன மாறியது என்று நேரில் வந்து சொல்ல யாராவது முன்வருவீர்களா?