மறு: ஸ்விங் – ஊசலா, பெயர்ச்சியா, சாய்வா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையைத் தொடங்கியவன் நான்தான். "ஸ்விங்குக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்" என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஏகப்பட்ட மடல், மூன்று கட்சி. சொல் எந்த இடத்துக்குத் தேவை என்று முதலிலேயே சொல்லாதது என் தவறு. அதனால் ஆளுக்கொரு ஸ்விங்கை நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். ஒருவர் ஊஞ்சலைப் பற்றி, ஒருவர் கிரிக்கெட் பந்தைப் பற்றி. எனக்கு வேண்டியது தேர்தல் ஸ்விங்: ஒரு தேர்தலிலிருந்து அடுத்ததற்குள் இரண்டு கட்சிகளின் வாக்குப் பங்கு ஒன்றுக்கு எதிராக மற்றொன்று எவ்வளவு மாறியது என்று சொல்லும் எண்.

நான் எழுதிக்கொண்டிருப்பது பெர்மண்ட்சி தொகுதியின் தேர்தல் வரலாறு. லண்டனில் தேம்ஸின் தென்கரையில், டவர் பாலத்தை ஒட்டிய பழைய துறைமுகப் பகுதி. தோல் பதனிடும் பட்டறைகள், பிஸ்கட் ஆலை, சரக்குத் துறைகள் என்று உழைப்பாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். ஆல்ஃபிரட் சால்டர் என்ற மருத்துவர், ஏழைகளிடம் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர், 1922இல் தொழிற்கட்சிக்காக மேற்கு பெர்மண்ட்சியைப் பிடித்தார். 1923இல் தோற்று, 1924இல் மறுபடி வென்று, 1945 வரை இருந்தார். அவருக்குப் பிந்திய தலைமுறையில் பாப் மெல்லிஷ். 1946இல் பக்கத்து ராதர்ஹைத் இடைத்தேர்தலில் வென்றவர், 1950இல் எல்லைகள் மாறியபோது பெர்மண்ட்சிக்கு வந்தார். 1982 வரை அவரை யாரும் அசைக்கவில்லை. தொழிற்கட்சி ஆட்சியை இழந்த 1979 தேர்தலிலும் இங்கே அவருக்கு 63.6 சதவீதம். கன்சர்வேட்டிவ் 24.9. லிபரல் வெறும் 6.8.

('சேஃப் சீட்'டுக்கு 'பாதுகாப்பான தொகுதி' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதைப் படித்தால் போலீஸ் காவல் போட்ட தொகுதி மாதிரி இருக்கிறது. நம் பத்திரிகைகள் ஐம்பது வருடமாகக் 'கோட்டை' என்று எழுதுகின்றன. அதற்கு விவாதமே வேண்டாம்.)

சரி, 1983இல் பெர்மண்ட்சியில் நடந்த இடைத்தேர்தலுக்கு வருவோம். 1981இல் தொகுதிக் கட்சி, மெல்லிஷுக்குப் பிறகு நிற்க பீட்டர் டாச்செல் என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. கட்சித் தலைவர் மைக்கேல் ஃபுட், அவரை ஏற்க முடியாது என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார். பிறகு இறங்கிவந்து ஏற்றார். அதற்குள் மெல்லிஷ் கோபித்துக்கொண்டு கட்சியை விட்டு, பதவியையும் விட்டு, பெர்மண்ட்சி அடங்கிய சதர்க் நகரவையின் முன்னாள் தலைவர் ஜான் ஓ'கிரேடிக்கு ஆதரவாக இறங்கினார். ஓ'கிரேடி தன் அணிக்கு வைத்த பெயர் 'உண்மையான பெர்மண்ட்சி தொழிற்கட்சி'. 'உண்மையான' என்று அடைமொழி போட்டுக் கட்சி உடைவது நமக்குப் புதிதா என்ன!

டாச்செல் தன்பாலீர்ப்பாளர் என்பதை வைத்து நடந்த பிரசாரம் அசிங்கமானது. பெயர் போடாத துண்டறிக்கைகள், சுவரெழுத்துகள், மிரட்டல்கள். லிபரல் தரப்பின் துண்டறிக்கையிலேயே, இது 'ஸ்ட்ரெய்ட்' போட்டி என்ற தொனியில் ஒரு வரி இருந்தது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நேரடி என்றும் பொருள், எதிர்பாலினரை விரும்புகிறவர் என்றும் பொருள். தமிழில் அந்தச் சிலேடையைக் கொண்டுவர வழியில்லை, கொண்டுவர ஆசையும் இல்லை. விளக்கம் எழுதிவிட்டேன். வென்ற லிபரல் வேட்பாளர் சைமன் ஹியூஸ், தனக்கு ஆண்களோடும் உறவு இருந்திருக்கிறது என்று 2006இல் வெளிப்படையாகச் சொன்னார். அன்றைய பிரசாரத்துக்கு மன்னிப்பும் கேட்டார்.

1983 பிப்ரவரி 24. ஹியூஸ் 57.7 சதவீதம். டாச்செல் 26.1. ஓ'கிரேடி 7.6. கன்சர்வேட்டிவ் 5.5. வித்தியாசம் 9,319 வாக்கு. (இதை ஆங்கிலத்தில் 'மெஜாரிட்டி' என்பார்கள். தயவுசெய்து 'பெரும்பான்மை' என்று பெயர்க்காதீர்கள். வாக்கு வித்தியாசம்தான்.)

இந்தத் தேர்தலைப் பற்றி யார் எழுதினாலும் தவறாமல் வரும் ஓர் எண்: 44.2 சதவீத ஸ்விங். பிரிட்டிஷ் இடைத்தேர்தல் வரலாற்றிலேயே பெரியது என்று கணக்கு. என் முதல் வரைவில் நான் எழுதியது: "44.2 சதவீத வாக்காளர்கள் கட்சி மாறினர்." தப்பு. எந்த இடத்தில் தப்பு என்று பார்த்தால்தான் சொல் கிடைக்கும்.

கணக்கு இதுதான். லிபரல் 6.8இலிருந்து 57.7, ஏற்றம் 50.9. தொழிற்கட்சி 63.6இலிருந்து 26.1, இறக்கம் 37.5. இரண்டையும் கூட்டினால் 88.4. பாதி 44.2.

'ஏன் பாதி?' என்று கோவைத் தம்பி கேட்டிருந்தார். தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் 60 கல், மறுதட்டில் 40. கனத்த தட்டிலிருந்து 10 கல்லை எடுத்து இந்தப் பக்கம் போட்டால் இரண்டும் 50. நகர்ந்தது 10தான், ஆனால் வித்தியாசம் 20 குறைந்துவிட்டது. ஒரு பக்கம் குறைந்ததே இன்னொரு பக்கம் கூடுவதால் ஒரே கல் இரண்டு முறை எண்ணப்படுகிறது. அதனால் இரண்டால் வகுக்கிறார்கள். டேவிட் பட்லர் என்ற தேர்தல் ஆய்வாளர் பரப்பிய முறை இது. இரண்டு பெரிய கட்சிகள் மட்டுமே மோதிய காலத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

இனி உங்கள் சொற்கள்.

> சென்னை ஐயா: ஊசல் என்பதே நேர்ச்சொல். கடிகார ஊசல் இருக்கிறது, ஊசலாட்டம் இருக்கிறது. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, நானும் முதலில் உங்கள் கட்சிதான். 'வாக்கு ஊசல்' என்று எழுதி, சத்தமாகப் படித்தும் பார்த்தேன். கோவைத் தம்பி உடனே "நேற்று வைத்த சாம்பார் மாதிரி இருக்கிறது, வாக்கு ஊசிப்போச்சா?" என்று எழுதினார். அதைச் சிரித்துவிட்டு விடலாம். எனக்கு உறுத்துவது வேறு. ஊசல் என்றால் திரும்பி வரவேண்டும், அதன் இயல்பே அது. இடைத்தேர்தலில் கோபத்தைக் காட்டிவிட்டுப் பொதுத்தேர்தலில் பழைய கட்சிக்கே திரும்புகிற தொகுதிகள் உண்டு, அங்கே ஊசல் பொருந்தும். பெர்மண்ட்சியில் அது நடக்கவில்லை. மூன்றே மாதத்தில் எல்லையே மாறி, 1983 ஜூன் பொதுத்தேர்தலில் தொகுதி 'சதர்க் மற்றும் பெர்மண்ட்சி' ஆனது. அதிலும் ஹியூஸ்தான். 1997இல் இன்னொரு பெயர், 2010இல் மற்றொரு பெயர், ஆள் மட்டும் அவரே. 2015இல்தான் தொழிற்கட்சியின் நீல் கொய்ல் 4,489 வாக்கு வித்தியாசத்தில் அவரை வீழ்த்தினார். 32 வருடம் ஒரே பக்கம் நிற்பதை ஊசல் என்று எப்படிச் சொல்வது?

(சதர்க் என்பது அச்சுப்பிழை அல்ல. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'சவுத்வார்க்' என்று எழுதுகிறோம், அங்கே இருப்பவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 1983 ஜூனில் ஹியூஸிடம் தோற்ற தொழிற்கட்சி வேட்பாளர் பெயர் ஜான் டில்லி. படிக்கிறவர்கள் இந்தியத் தலைநகரை நினைப்பார்களே என்று 'டிலி' ஆக்கியிருக்கிறேன்.)

> லண்டன் அண்ணன்: திரும்பாது என்பதுதான் சிக்கல் என்றால் பெயர்ச்சி என்று வைக்கலாமே. சனிப்பெயர்ச்சி போல. ஒரு வீட்டிலிருந்து கிளம்பி இன்னொரு வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அண்ணா, இதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். 'வாக்குப்பெயர்ச்சி' – காதுக்கு நன்றாகவே இருக்கிறது, பலனும் பரிகாரமும் கேட்டு நாலு பேர் வருவார்கள் என்பதைத் தவிர. இயற்பியல் பாடத்தில் இடப்பெயர்ச்சி இருக்கிறது, அதனால் அறிவியல் மணமும் உண்டு. ஒரு நாள் முழுக்க இதுதான் என்று முடிவாக இருந்தேன்.

இரண்டு காரணத்தால் விலகினேன். ஒன்று, யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது.

> இடம்பெயர்வு எண்டால் எங்கட சனத்துக்கு வீட்டைப் பூட்டிப்போட்டுப் பிள்ளையளோட நடந்த கதை. வாக்குக் கணக்குக்கு அந்தச் சொல்லின்ர பக்கத்தில போக வேண்டாம் எண்டு நினைக்கிறன்.

பெயர்ச்சியும் பெயர்வும் வேறு வேறு சொல்தானே என்று இலக்கணம் பேசலாம். நான் பேசப்போவதில்லை.

இரண்டாவது காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பெயர்ச்சி என்றால் ஏதோ ஒன்று இங்கிருந்து அங்கே போயிருக்கவேண்டும். பெர்மண்ட்சியில் கன்சர்வேட்டிவ் வாக்கு 24.9இலிருந்து 5.5க்குச் சரிந்ததே, அந்த 19.4 எங்கே போனது? பெரும்பகுதி லிபரலுக்குப் போயிருக்கவேண்டும், தொழிற்கட்சியைத் தோற்கடிக்க அவர்தான் தோதான ஆள் என்று. அந்த வாக்கும் லிபரலின் 50.9 ஏற்றத்துக்குள் இருக்கிறது. ஆகவே 'தொழிற்கட்சியிலிருந்து லிபரலுக்கு 44.2' என்னும் எண்ணுக்குள், தொழிற்கட்சிக்கு வாழ்நாளில் வாக்களிக்காதவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். தொழிற்கட்சி இழந்தது மொத்தமே 37.5தான். அவ்வளவு பேரும் ஒருவர் விடாமல் லிபரலுக்கே போயிருந்தாலும் 44.2 வராது. ஓ'கிரேடி வேறு 7.6 எடுத்துக்கொண்டார். வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள், நான்கு வருடத்தில் இறந்தவர்கள், புதிதாக வயது வந்தவர்கள் என்று இன்னும் எத்தனையோ. இந்த எண் யாருடைய பயணத்தையும் சொல்லவில்லை. இரண்டு தட்டுகளுக்கு நடுவே முள் எவ்வளவு சாய்ந்தது என்பதை மட்டும் சொல்கிறது.

மைக்கேல் ஸ்டீட் என்ற இன்னொரு தேர்தல் ஆய்வாளர் வேறொரு முறை வைத்தார். மற்றவர்களை ஒதுக்கிவிட்டு, இந்த இரண்டு கட்சிகள் வாங்கியதை மட்டும் நூறாக எடுத்துக்கொண்டு கணக்கிடுவது. அப்படிப் போட்டால் அந்த இருவருக்குள் லிபரலின் பங்கு ஏறத்தாழ 9.7இலிருந்து 68.9க்கு ஏறுகிறது, ஸ்விங் 59ஐத் தாண்டுகிறது. ஒரே தேர்தல், ஒரே வாக்குகள், ஆனால் எண் 15 கூடிவிட்டது. ஆட்கள் இடம் மாறியதை எண்ணினால் இப்படி வருமா? முள்ளின் அளவுகோலை மாற்றினால்தான் வரும்.

எனவே என் முன்மொழிவு வாக்குச் சாய்வு. 'மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது', 'தராசு சாய்ந்தது' என்று நாம் பேசுவதுதான். சாய்ந்தது திரும்பவும் நிமிரலாம், நிமிராமலும் கிடக்கலாம். அந்த இரண்டுக்கும் இந்தச் சொல் இடம் விடுகிறது, ஊசல் விடவில்லை. எங்கிருந்து எங்கே என்று சொல்லவேண்டிய இடத்தில் 'தொழிற்கட்சியிலிருந்து லிபரலுக்கு' என்று எழுதாமல் 'தொழிற்கட்சிக்கு எதிராக, லிபரல் பக்கம்' என்று எழுதினால் அந்தப் பழைய தப்பும் வராது.

மறுப்புகளைப் பார்த்தேன். சாய்வு பள்ளிக் கணக்கில் ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது என்கிறார் ஆசிரியை ஒருவர். உண்மை. ஆனால் 'வாக்கு' முன்னால் நிற்கும்போது யாரும் கோட்டுக்குச் சமன்பாடு எழுதப்போவதில்லை. 'இடதுசாரிச் சாய்வு' என்று நிலையான மனச்சார்பைச் சொல்கிறோமே என்பது இன்னொரு மறுப்பு. இது கொஞ்சம் வலுவானது. அதனால்தான் தனிச் சாய்வு வேண்டாம், எப்போதும் 'வாக்குச் சாய்வு' என்றே இருக்கட்டும் என்கிறேன். சாய்வு நாற்காலி பற்றிய மடலுக்குப் பதில் இல்லை.

பிபிசியில் ராபர்ட் மெக்கன்சி பிரபலப்படுத்திய அந்தத் தேர்தல் இரவுக் கருவி இருக்கிறதே, ஸ்விங்கை முள்ளால் காட்டும் ஸ்விங்கோமீட்டர், அதற்குச் 'சாய்வுமானி'. வெப்பமானி இருக்கும்போது இது இருக்கக்கூடாதா?

ஐயாவின் ஊசலையும் நான் தூக்கிப் போடவில்லை. எந்தப் பக்கம் என்று கடைசிவரை தீர்மானிக்காத மனிதரை 'ஊசல் வாக்காளர்' என்றே எழுதுவோம். அங்கே ஆடுவது ஆள், அவர் திரும்பவும் வரலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே இருக்கவேண்டுமா? அவர் மாதிரி ஆட்கள் நிறைந்த தொகுதிக்கு 'இழுபறித் தொகுதி'. அது பத்திரிகைக்காரர்கள் எப்போதோ கொடுத்தது.

டெபாசிட்டுக்கு என்ன எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் டெபாசிட், எழுத்தில் காப்புத்தொகை. இலங்கையில் கட்டுப்பணம். கட்டிய பணம் போய்விட்டது என்பது அந்தச் சொல்லிலேயே கேட்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அன்றைய பிரிட்டிஷ் விதிப்படி எட்டில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் 150 பவுண்டு போய்விடும். ஹியூஸையும் டாச்செலையும் தவிர மற்ற எல்லோருக்கும் போனது, ஆளுங்கட்சியான கன்சர்வேட்டிவ் உட்பட. 1985இல்தான் அதை 500 பவுண்டாகவும் இருபதில் ஒரு பங்காகவும் மாற்றினார்கள்.

கட்டுரையில் வாக்கியம் இப்படி இருக்கும்: "1979 முடிவோடு ஒப்பிட்டால், தொழிற்கட்சிக்கு எதிராக லிபரல் பக்கம் 44.2 சதவீதப் புள்ளி வாக்குச் சாய்வு ஏற்பட்டது." 'புள்ளி' வேண்டுமா என்று தயங்கினேன். அது இல்லாவிட்டால் சதவீதத்தில் சதவீதமா என்ற குழப்பம் வரும், அதனால் இருக்கட்டும்.

வரும் ஞாயிறு வரை வலுவான மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்து ஒரு தலைவலி பாக்கி: எல்லை மாறிய பிறகு, பழைய தேர்தல் புதிய எல்லைக்குள் நடந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று வல்லுநர்கள் கணக்கிட்டுத் தருவார்களே, 'நோஷனல்' முடிவு. 'கற்பனை முடிவு' என்றால் யாரோ கதை விட்ட மாதிரி ஆகிறது. 'பொருத்திய முடிவு' என்று ஒன்று மனதில் இருக்கிறது. தனி இழையில் பேசுவோம், யாழ்ப்பாணத்து அக்கா தொடங்கி வைத்தால் நல்லது.