பழைய வண்டிக்குப் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு செட்டா, கம்பெனி செட்டா?

சாலையோரன்:
காரோட வந்த மியூசிக் செட் ஒரு வழி ஆயிடுச்சு. வால்யூம் குமிழைக் கூட்டினா குறையுது, குறைச்சா அலறுது. மாத்தியே ஆகணும். டாஷ்போர்டுல இருக்கறது டபுள் டின் ஸ்லாட்தான் (இரட்டை உயரக் குழி). ரெண்டு செட் பார்த்து வச்சிருக்கேன்.

ஒண்ணு பெயர் தெரியாத 9 இன்ச் ஆண்ட்ராய்டு. பெட்டியில "ஆண்ட்ராய்டு 13, 4 ஜிபி ராம், 60 வாட் × 4"ன்னு போட்டிருக்கு. ரிவர்ஸ் கேமரா இலவசம். இன்னொண்ணு எல்லாருக்கும் தெரிஞ்ச கம்பெனி. 6.8 இன்ச் ஸ்கிரீன், போனை மாட்டினா கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வரும் (போனோட மேப், பாட்டெல்லாம் செட் ஸ்கிரீன்ல தெரியும்), அவ்வளவுதான். 50 வாட் × 4. விலை மட்டும் முதல் செட்டைப் போல மூணு மடங்கு.

சின்ன ஸ்கிரீன், கம்மி வாட், மூணு மடங்கு விலை. எனக்குக் கணக்கு இடிக்குது. மாட்டப் போறது நானும் மச்சானும்தான். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஸ்பேனர்:
இதுல யோசிக்க என்ன இருக்கு தல? ஆண்ட்ராய்டை எடுங்க. நான் மூணு வருஷமா ஓட்டறேன், ஒரு நாள் மக்கர் பண்ணல. மேப் டிவி மாதிரி தெரியும். சாவியைத் திருப்பின ஒரு செகண்ட்ல ஆன் ஆகும்.

கம்பெனி கம்பெனின்னு உருகறவங்களுக்கு ஒரு சேதி. பிளாபுங்க்ட்னு ஜெர்மன் கம்பெனி, ஒரு காலத்துல சும்மாவா? 1932-லயே கார் ரேடியோ போட்டவங்க. 2009-ல போஷ் அதைக் கைமாத்தி விட்டுடுச்சு. இப்போ அந்தப் பேருக்கு உரிமம் வாங்கினவங்க ஆளுக்கு ஒரு செட்டு செஞ்சு விக்கறாங்க. ஸ்டிக்கருக்கா மூணு மடங்கு?

நிதானம்:
ஒரு பெயர் கைமாறியதால் எல்லாப் பெயரும் ஸ்டிக்கர் ஆகிவிடாது, ஸ்பேனர்.

சாலையோரன், முதலில் அந்த வாட் எண்ணை மறந்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். செட்டுக்குள் இருக்கும் ஆம்ப் ஐசி, அதாவது ஒலியைப் பெருக்கும் சிப், அந்த வோல்ட்டை ஏற்றிக்கொள்வதில்லை, இருப்பதை வைத்துத்தான் ஸ்பீக்கரைத் தள்ளுகிறது. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஓமின் இரட்டிப்பான 8-ஆல் வகுத்தால் 26 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஐசிக்குள் போகும் இழப்பைக் கழித்தால் ஒரு சேனலுக்கு 20, 22. சாதாரணச் செட் எதிலும் சுத்தமான ஒலி இதற்கு மேல் வராது.

60 × 4 என்றால் 240 வாட். செட்டின் முதுகில் இருக்கும் பியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியராக இருக்கும், மிஞ்சினால் 15. அந்த 15-ஐ 14.4-ஆல் பெருக்கினாலே 216-தான். உள்ளே போவதை விட வெளியே வருவது அதிகம் என்றால் அதற்குப் பெயர் செட் இல்லை, அட்சய பாத்திரம்.

ஸ்பேனர்:
அட்சய பாத்திரம் ரெண்டு பெட்டியிலயும்தான் சார் இருக்கு. உங்க கம்பெனியும் 50 × 4-ன்னு போட்டு, முதுகுல 10 ஆம்ப் பியூஸ்தான் வச்சிருக்கு. அது யார் காதுல சுத்தின பூ?

நிதானம்:
பூதான், ஒப்புக்கொள்கிறேன். மேலே சொன்ன கணக்கில் 8-க்குப் பதில் 4-ஆல் வகுத்துப் பாருங்கள், 51.8 வரும். வால்யூமை முட்டும்வரை ஏற்றி, அலை முழுக்கச் சதுரமாக வெட்டுப்பட்டுக் கத்தும்போது கிடைக்கும் எண் அது. பெட்டியில் அச்சாவது அதுதான்.

ஆனால் பெரிய கம்பெனியின் கையேட்டில் கடைசிப் பக்கத்துக்குப் போனால் "தொடர்ச்சியாக 22 வாட் × 4" என்பது போல ஒரு வரி, எத்தனை சதவீதச் சிதைவில் என்பதோடு இருக்கும். பெயரில்லாத செட்டில் அந்தப் பக்கமே இருக்காது. பொய் சொல்கிறவன் உண்மையை எங்கே வைத்திருக்கிறான் என்பதாவது நமக்குத் தெரிய வேண்டாமா?

அந்த "ஆண்ட்ராய்டு 13" கதையும் இதேதான். வாங்கும் முன் செட்டில் ஏதாவது ஒரு ஹார்டுவேர் ஆப் போட்டு ஏபிஐ எண்ணைப் பாருங்கள், ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ளே இருக்கும் எண் அது. 13 என்றால் 33 காட்ட வேண்டும். 29 காட்டினால் அது 10. செட்டிங்ஸில் 13 என்று எழுதி வைக்க ஒரு வரியை மாற்றினால் போதும், உள்ளே இருப்பது மாறாது.

மழைத்துளி:
ஸ்பேனர், நீங்க சொன்ன அந்த "ஒரு செகண்ட்" இருக்கே, அதுதான் என்னை நடக்க வச்சது. ஒரு செகண்ட்ல ஆன் ஆகுதுன்னா அது அணையவே இல்லன்னு அர்த்தம்.

எட்டு நாள் வெளியூர் போயிட்டு வந்து சாவியைத் திருப்பினா டிக் டிக் டிக். பேட்டரி மாத்தி ஒரு வருஷம் கூட ஆகல. சார்ஜ் ஏத்திட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியோட நெகட்டிவ் கேபிளைக் கழட்டி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவுல மீட்டரை வச்சேன். சிவப்பு முனையை 10 ஆம்ப் ஓட்டையில மாட்டி, கதவெல்லாம் மூடிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன், ஏன்னா வண்டியோட மத்த எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் தூங்கணும். (மீட்டர் இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, மீட்டர் காலி.)

180 மில்லி ஆம்பியர். செட்டுக்குப் போற மஞ்சள் வயரோட பியூஸை உருவினேன். 25-க்கு இறங்குச்சு.

0.18-ஐ 24-ஆல பெருக்குங்க. ஒரு நாளைக்கு 4.3 ஆம்பியர் மணி. எட்டு நாளைக்கு 34 சொச்சம். என் பேட்டரி மொத்தமே 45. நிறுத்தின வண்டி 50 மில்லிக்குள்ள இழுத்தா கவலைப்பட வேணாம்னு சொல்வாங்க. என் செட்டு மட்டுமே 155 குடிச்சிருக்கு.

ஸ்பேனர்:
மேடம், அதுக்கு ஃபேக்டரி செட்டிங்ல ஸ்லீப்பை அணைச்சா முடிஞ்சுது. அஞ்சு நிமிஷ வேலை.

மழைத்துளி:
அணைச்சேனே. அந்த மெனுவுக்குப் பாஸ்வேர்டு கேட்டுச்சு, கையேட்டுல இல்ல. தேடிப் பார்த்து 8888 போட்டேன், திறந்துச்சு. இப்போ 40-க்குள்ள நிக்குது, அதை ஒத்துக்கறேன். ஆனா இப்போ ஒவ்வொரு தடவையும் ஆன் ஆக அரை நிமிஷம். நான் ரிவர்ஸ் எடுத்து, திருப்பி, ரோட்டுக்கு வந்த அப்புறம்தான் ரிவர்ஸ் கேமரா கண்ணைத் திறக்குது.

ஸ்பேனர்:
😄 சரி, அது ஒரு பாயிண்ட்.

பியூஸ் போனவர்:
செட்டைப் பத்தி அடிச்சுக்கங்க, வேணாங்கல. ஆனா "செட்டு சரியில்ல"ன்னு என்கிட்ட வர்ற வண்டில பாதிக்கு மேல செட்டு நல்லாத்தான் இருக்கும். மாட்டினவன்தான் சரியில்ல. தம்பி மச்சானை வச்சு மாட்டப் போறேன்னு சொன்னதால எழுதறேன்.

வண்டியோட ஒரிஜினல் கப்ளரை (வயரெல்லாம் சேர்ந்து வர்ற பிளக்) வெட்டாதீங்க. வண்டிக்கேத்த கப்ளர் தனியா கிடைக்கும், ஒரு பக்கம் வண்டில சொருகும், இன்னொரு பக்கம் செட்டுல. மூணு மடங்கு விலையைப் பத்தி இவ்வளவு பேசறோம், இதுல போய் கஞ்சத்தனம் பண்றாங்க.

மஞ்சள் எப்பவும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டா மட்டும், கறுப்பு எர்த். சில ஐரோப்பிய வண்டில மஞ்சளும் சிவப்பும் இடம் மாறி வரும். சாவியை எடுத்ததும் கடிகாரமும் ஸ்டேஷனும் மறந்து போகுதுன்னா அதுதான் காரணம், அந்த ரெண்டையும் மாத்திப் போட்டா சரியாகும். இதுக்காக ஒருத்தர் செட்டையே திருப்பிக் கொடுத்துட்டாரு.

வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஸ்பீக்கரோட மைனஸ். அந்த மைனஸை பாடியில கொடுக்கவே கூடாது. நாலு மைனஸையும் ஒண்ணா முறுக்கி எர்த் பண்ணின செட்டு ஒண்ணு வந்துச்சு, ஐசி கருகின வாசனை டாஷைத் திறக்கறதுக்கு முன்னாடியே அடிச்சுது. இந்த நிறமெல்லாம் கம்பெனி செட்டுல நம்பலாம். பெயரில்லாததுல நிறத்தைப் பார்க்காம வயர்ல ஒட்டியிருக்கற லேபிளைப் படிங்க.

அப்புறம் டேப். வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தி உள்ள தள்ளிடறாங்க. ரெண்டு கோடை போகட்டும், அதே டாஷுக்குள்ள கை விட்டுப் பாருங்க. பசை உருகி விரல்ல பாகு மாதிரி இழுக்கும், டேப் வளையல் மாதிரி கழண்டு ஓரமா கிடக்கும், மஞ்சள் வயர் அம்மணமா நிக்கும். பக்கத்துலயே இரும்பு பிராக்கெட். கிரிம்ப் பண்ணுங்க (உலோகக் குழாய்ல வயரை வச்சு நசுக்கறது), இல்ல சால்டர் வச்சு மேல ஹீட் ஷ்ரிங்க், அதான் சூடு காட்டினா சுருங்கி இறுகற குழாய், போடுங்க.

நிதானம்:
பியூஸ் அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அண்ணே, நிறத்தை நம்பலாம் என்பதும் ஒரு தரம்தானே? அந்த மூன்று மடங்கில் அதுவும் அடக்கம்.

பியூஸ் போனவர்:
அடக்கம்தான். மூணு மடங்கு அடக்கமான்னு கேட்டா, எனக்கு வாய் வராது.

*(இரண்டு வாரம் கழித்து)*

சாலையோரன்:
வாங்கிட்டேன். ஆண்ட்ராய்டு. நிதானம் சார் திட்டாதீங்க, பெரிய ஸ்கிரீனைப் பார்த்ததும் வீட்டுல எல்லாரும் அந்தப் பக்கம் சாஞ்சுட்டாங்க. கப்ளர் வாங்கி, ஒரு வயரைக்கூட வெட்டாம மாட்டியாச்சு. மேப் அருமை. சத்தம் பழைய செட்டை விட மோசமில்ல.

ஏபிஐ பார்த்தேன். 29. ராம் 4-ன்னு செட்டிங்ஸ் சொல்லுது, ஆப் 2-ன்னு சொல்லுது.

பிரச்சினை எஃப்எம். பழைய செட்டுல கணீர்னு கேட்ட ஸ்டேஷன் இப்போ அடுப்புல எண்ணெய் காயற மாதிரி இருக்கு. டவர் பக்கத்துல போனா மட்டும் கேக்குது.

நிதானம்:
ரேடியோ அலையைப் பிடிக்கும் ட்யூனரில் கைவைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். வெளியே தெரியாத இடத்தில்தான் எப்போதும் மிச்சம் பிடிப்பார்கள். ஸ்கிரீனில் யாரும் மிச்சம் பிடிப்பதில்லை.

பியூஸ் போனவர்:
இருங்க சார், அவசரப்படாதீங்க. தம்பி, கூரையில ஆன்டெனா குட்டையா இருக்கா? செட்டுல தனியா ஒரு நீல வயர் வருமே, அது எங்க போயிருக்கு?

சாலையோரன்:
குட்டைதான் அண்ணே. நீலத்தை எங்கயும் கொடுக்கல. மோட்டார் வச்சு நீளற ஆன்டெனாவுக்குத்தான் அதுன்னு மச்சான் மடக்கி டேப் சுத்திட்டான்.

பியூஸ் போனவர்:
குட்டை ஆன்டெனாவோட அடியில சின்னதா ஒரு ஆம்ப் உட்கார்ந்திருக்கும். அதுக்கு 12 வோல்ட் கொடுக்கற வயர் அது. கப்ளர்லயும் ஒரு நீலம் இருக்கும், ரெண்டையும் சேருங்க. நீலத்துல வெள்ளைக் கோடு போட்டதும் ஒண்ணு இருக்கும், அது வெளி ஆம்ப் போட்டா அதை எழுப்பறதுக்கு. அதுல இப்போதைக்குக் கை வைக்காதீங்க.

சாலையோரன்:
அண்ணே!!! கணீர்னு வருது. பத்து நிமிஷம் கூட ஆகல. மச்சான் முகத்தைப் பார்க்கணும் நீங்க.

ஸ்பேனர்:
ட்யூனர்ல கை வச்சிருப்பாங்கன்னு யாரோ சொன்னாங்களே 😄

நிதானம்:
சொன்னேன், தப்புதான். 10-ஐ 13 என்றும் 2-ஐ 4 என்றும் எழுதியவனைச் சந்தேகப்பட்டதற்காக வருத்தப்பட மாட்டேன். சாலையோரன், மழைத்துளி சொன்ன மீட்டர் சோதனையைச் செய்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

சாலையோரன்:
ஞாயித்துக்கிழமை பார்த்தேன். முதல்ல 140. 8888 வேலை செய்யல, 3368-ல திறந்துச்சு. ஸ்லீப்பை எடுத்த அப்புறம் 38. ஆன் ஆக 27 செகண்ட், மச்சான் எண்ணினான்.

இன்னொரு சந்தேகம். ஆரஞ்சு வயரை லைட் சுவிட்ச் லைனோட சேர்த்தாச்சு, ஹெட்லைட் போட்டா ஸ்கிரீன் மங்குது. ஆனா எவ்வளவு மங்கினாலும் ராத்திரி கண்ணைக் குத்துது, கண்ணாடியில வேற மேப் தலைகீழா தெரியுது. இப்போதைக்கு மேல கர்ச்சீப் போட்டு மூடிட்டு ஓட்டறேன். யாருக்காவது வழி தெரியுமா?

மழைத்துளி:
என் வண்டில துண்டு.