மெஷ் நெட்வொர்க்குக்கு "கண்ணிப்பின்னல்" சரியா வருமா?

வணக்கம். கருவிகளே ஒண்ணுக்கொண்ணு செய்தியைக் கடத்துற மெஷ் நெட்வொர்க்குக்குத் தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்னு இங்க ஓடுற பேச்சுக்கு என் பதில் இது. ஐயா சொன்ன "வலைப்பின்னல்" நல்ல சொல்தான், ஆனா அது ஏற்கனவே நெட்வொர்க்குன்னு சொல்ல ஓடிக்கிட்டு இருக்கு. அதையே மெஷ்ஷுக்கும் வச்சா வைஃபைக்கும், ஸ்மார்ட் ஹோம் பல்பு, சென்சாரெல்லாம் பேசிக்கிற ஜிக்பீங்கிற வயர்லெஸ் முறைக்கும் என்ன வித்தியாசம்னு தமிழ்ல எழுதவே முடியாது. ஸ்மார்ட் ஹோம் கருவிகளை ஒப்பிட்டு ஒரு சின்ன கையேடு எழுத உக்காந்தப்ப நான் முட்டிக்கிட்டு நின்ன இடமே இதுதான்.

விஷயம் என்னன்னா, வீட்டுல சாதாரண வைஃபைல ஒவ்வொரு பல்பும் நேரா ரவுட்டர்கிட்டதான் பேசணும், தூரமாயிட்டா அவ்ளோதான். ஜிக்பீ, அதே மாதிரி வயர்லெஸ் மெஷ் முறைகளான த்ரெட், இசட்-வேவ் எல்லாம் அப்படி இல்ல, எப்பவும் கரண்ட்ல இருக்குற பல்பும் பிளக்கும் செய்தியை வாங்கி அடுத்ததுக்குக் கொடுக்கும், தளம் போடுறப்ப சித்தாளுங்க வரிசையா நின்னு கலவைச் சட்டியைக் கை மாத்தி மேல ஏத்துவாங்களே அது மாதிரி. எங்க கொல்லைக் கதவு சென்சார் ரெண்டு வாரம் கிடைக்கிறதும் விட்டுப்போறதுமா இருந்துச்சு, நடு ரூம்ல ஒரு பிளக் மாட்டினதும் சரியாயிடுச்சு.

அதனால அக்கா சொன்ன "கைமாற்று வலை" எனக்கு முதல்ல ரொம்பப் பிடிச்சுது. ஆனா கைமாத்துன்னா எங்க பக்கம் அவசரத்துக்கு வட்டியில்லாம வாங்குற கடன். தவிர சட்டி வரிசையில ஒரு ஆள் நகந்தா வேலை நின்னுடும், மெஷ் நிக்காது, ஒரு பல்பைக் கழட்டினாலும் செய்தி வேற வழி தேடிப் போகும். இந்தக் குணத்துக்கான சொல் மீன்வலையில இருக்கு: கண்ணி. சின்னக் கண்ணி வலை, பெரிய கண்ணி வலைன்னு சொல்றாங்களே அதேதான். ஒரு இழை அறுந்தாலும் சுத்தியிருக்குற முடிச்செல்லாம் வலையைப் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கும்.

யாழ்ப்பாணத்து அண்ணா, கண்ணின்னாலே கண்ணிவெடிதான் ஞாபகம் வருதுன்னு நீங்க எழுதினதை ரெண்டு மூணு தடவ படிச்சேன். அது தள்ளிவிடக்கூடிய மறுப்பு இல்ல. "கண்ணி வலை"ன்னு வச்சா பொறின்னும் அர்த்தம் வந்துடுது, அதை விட்டுட்டேன். "கண்ணிப்பின்னல்"னா பின்னல்தான் முன்னால நிக்குது, காது பூக்கண்ணி, சங்கிலிக்கண்ணி பக்கம் போகுது. அப்பவும் உறுத்துச்சுன்னா சொல்லுங்க, வேற தேடுவோம்.

வாக்கியத்துல போட்டுப் பாத்தேன்:

"ஜிக்பீயும் த்ரெட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, நொடிக்கு 250 கிலோபிட் வேகத்துல ஓடுற கண்ணிப்பின்னல்கள். த்ரெட்ல ஒவ்வொரு கருவிக்கும் இன்டர்நெட்ல இருக்குற மாதிரி ஐபிவி6 முகவரி உண்டு."

"இசட்-வேவ் கண்ணிப்பின்னல் இந்தியாவுல 865.2 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுறதால வைஃபையோட மோதாது. ஒரு செய்தியை நடுவுல நாலு கருவி வரைக்கும் கடத்தலாம்."

"மேட்டர் கண்ணிப்பின்னல் இல்ல, 2022 அக்டோபர்ல முதல் பதிப்பு வந்த, ஸ்மார்ட் ஹோம் கருவிகளுக்கான பொது மொழி, த்ரெட் மேலயும் ஓடும், வைஃபை மேலயும் ஓடும்."

மூணாவதை இவ்ளோ சுருக்கமா எழுத முடிஞ்சதுல எனக்குப் பெரிய நிம்மதி, ஏன்னா கடையில மேட்டரா ஜிக்பீயான்னு ரெண்டையும் ஒரே தட்டுல வச்சுதான் கேக்குறாங்க.

ஒண்ணு பாக்கி இருக்கு. பேட்டரி சென்சார் சார்ஜ் மிச்சம் பண்ண தூங்கித் தூங்கி முழிக்கும், அடுத்தவங்க செய்தியைக் கடத்தாது. நோடுக்கு, அதாவது பின்னல்ல இருக்குற ஒவ்வொரு கருவிக்கும், "கணு"ங்கிற சொல் இருக்குறதால இதுக்குத் "தூங்குகணு"ன்னு வைக்கலாமா, இல்ல வேற யாருக்காவது தோணுதா?