ஹாலுசினேஷனுக்கு தமிழ்ல என்ன போட? திங்கக்கிழமை பிரஸ்ஸுக்கு போகணும்

அனுப்புநர்: தக்கலை டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாள் கழிச்சு எழுதுதேன், அதுவும் ஒரு உதவி கேட்டுத்தான். எங்க பக்கத்து பள்ளிக்கூடங்கள்ல மொழிப்பாடம் எடுக்குற டீச்சர்மாருக்கு செயற்கை நுண்ணறிவ எப்படி கையாளணும்னு ஒரு சின்ன கையேடு போடுதோம். 24 பக்கம், திங்கக்கிழமை காலைல நாகர்கோவில் பிரஸ்ஸுல குடுத்தாகணும். 14ஆம் பக்கத்துல மாட்டிக்கிட்டேன். இந்த மெஷின் இல்லாதத இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லுதே, அந்த ஹாலுசினேஷன், அதுக்கு என்ன போட? அகராதில மாயத்தோற்றம், பிரமைன்னு வருது, ஏதோ ஆஸ்பத்திரி சீட்டு மாதிரி இருக்கு.

எனக்கு நடந்தத சொல்லுதேன், எதுக்கு சொல் வேணும்னு புரியும். எட்டாம் கிளாஸுல தென்னையப் பத்தி கட்டுரை, மேற்கோள் காட்ட ஒரு குறள் குடுன்னு ஃபோன்ல கேட்டேன். உடனே வந்துச்சு:

தென்னை வளர்ப்பார் தெருவெல்லாம் செல்வமே
என்றும் இனிதாய் வரும்

குறள் எண் 1342னு வேற போட்டிருந்துச்சு. அவசரத்துல போர்டுல எழுதிட்டேன், பிள்ளைய பாதி நோட்டுல எழுதியும் முடிச்சாச்சு, பின் பெஞ்சுல ஒருத்தி எழுந்து "டீச்சர், குறள் மொத்தமே 1330 தானே"ன்னா. அதிகாரத்துக்கு ஒரு அடின்னு 133 அடிக்கு சிலை வச்சிருக்க ஊர்ல இருந்துக்கிட்டு எனக்கு இது தேவையா.

அனுப்புநர்: தேரூர் ஐயா

டீச்சர், சொல்லுக்கு அப்புறம் வருதேன், மொதல்ல அந்தக் குறள அலகு போட்டுப் பாத்தேன். தேமா, புளிமா, புளிமாங்காய், கூவிளம், தேமா, புளிமா, மலர். ஒரு இடத்துலயும் தளை தட்டல! எதுகை விழுந்திருக்கு, மோனையும் இருக்கு. வழக்கமா அது எழுதுற வெண்பா நொண்டும், இது எப்படியோ தப்பிச்சிருக்கு. பொருள் மட்டும் ஒண்ணுமில்ல, உரக்கம்பெனி காலண்டர்ல போடலாம்.

ஆக யாப்புல வழு இல்ல, சொல்லுல வழு இல்ல. வழு விடையில இருக்கு. தொல்காப்பியர் கிளவியாக்கத்துல "செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்"னு சொல்லிட்டாரு. நன்னூலாரும் ஏழு வழுவுல "வினாஇறை"ன்னு சேத்து வச்சிருக்காரு, அங்க இறைன்னா விடை. சொல் ரெடியா இருக்கு: செப்புவழு, செப்புன்னா விடை, வழுன்னா பிழை. புதுசா எதுக்கு தேடணும்?

அனுப்புநர்: குளச்சல் தம்பி

ஐயா மன்னிக்கணும், செப்புவழுன்னா எங்க வீட்ல செம்புப் பானைல ஓட்டைன்னு நினைப்பாங்க.

விளையாட்டு இல்லாமலே சொல்லுதேன். செப்புவழுவுக்கு நீங்க கிளாஸுல சொல்லுற உதாரணம் "கடம்பூர்க்கு வழி யாதோ எனின் இடம்பூணி என் ஆவின் கன்று". வழி கேட்டா கன்னுக்குட்டி கதை. மெஷின் அப்படி செய்யாது ஐயா. கடம்பூருக்கு வழி கேட்டா கடம்பூருக்கே சொல்லும், எந்த பஸ், எத்தன மணி, எங்க எறங்கணும், அம்புட்டும் சொல்லும். அப்படி ஒரு பஸ்ஸே இருக்காது. கேள்விக்கு கச்சிதமா பொருந்துற விடை, ஆனா பொய். இது செப்புவழுல அடங்காது.

மாயத்தோற்றமும் ஆகாது. அதுக்கு எதுவும் "தோணல". உள்ள நடக்குறது இதுதான்: இதுவரைக்கும் வந்த சொல் துண்டுகளுக்கு அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு ஜாஸ்தின்னு கணக்குப் போட்டு ஒவ்வொண்ணா அடுக்குது. குறள் புத்தகத்த திறந்து பாக்குறதில்ல. சரியான குறள சொல்லும்போதும் அதே கணக்குதான், 1342 சொல்லும்போதும் அதே கணக்குதான். 2023ல கேம்பிரிட்ஜ் அகராதிக்காரங்க அந்த வருஷத்து சொல்லா ஹாலுசினேட்டத்தான் தேர்ந்தெடுத்தாங்க, ஆனா இங்கிலீஷ்லயே பல பேரு அது தப்பான உவமைன்னு சண்டை போடுதாங்க. அவங்க தப்ப நாம எதுக்கு மொழிபெயர்க்கணும்?

அனுப்புநர்: மார்த்தாண்டம் டீச்சர்

எங்க பயலுவ ஏற்கனவே பேரு வச்சாச்சு. "டீச்சர், அது தள்ளுது"ன்னுதான் சொல்லுதான். மலையாளத்துல இருந்து வந்த தள்ளுதான், வீரவசனம் விடுறவன சொல்லுற அதே தள்ளு. ஒரே சொல்லு, அஞ்சாங்கிளாஸுக்கும் விளங்கும்.

இன்னொரு சந்தேகம். ஒரு பொடியன் ஃபோன்ல பேசி தமிழ் பழகுற ஆப்புகிட்ட "எனக்கு வெள்ளம் வேணும்"னான். நம்ம ஊர்ல வெள்ளம்னா குடிக்கிற தண்ணி. அது உடனே "பாதுகாப்பான மேட்டுப் பகுதிக்குச் செல்லவும்"னு ஆரம்பிச்சிட்டுது. அவன் குடம் எடுத்துக்கிட்டு மேட்டுக்கு போகவா? இதுவும் ஹாலுசினேஷன்ல சேருமா?

அனுப்புநர்: குளச்சல் தம்பி

சேராது டீச்சர். அது நம்ம பேச்ச படிக்கல, அம்புட்டுதான். அதுக்கு தீனியா போட்ட தமிழ்ல குமரி மாவட்டம் ரொம்பக் கொஞ்சம். இத 15ஆம் பக்கத்துல தனியா போடுங்க, ஏன்னா நம்மள மாதிரி நாடுகளுக்கு இதுதான் பெரிய பிரச்சனை. 2024ல நைஜீரியாவுல எடோ மாநிலத்துல உலக வங்கி உதவியோட 6 வாரம் பள்ளிக்கூடம் விட்ட பெறகு ஒரு வகுப்பு வச்சாங்க, பிள்ளைய மெஷினோட பேசி இங்கிலீஷ் படிச்சுது, டீச்சரும் கூடவே இருந்தாங்க, நல்ல பலன்னு வந்துச்சு. ஆனா கவனிங்க, படிச்சது இங்கிலீஷ். அந்தப் பிள்ளையளோட வீட்டு மொழிய அதுல சொல்லிக்குடுக்கச் சொன்னா கதை வேற மாதிரி இருந்திருக்கும். நமக்கு தமிழும் படிக்கணும்.

அனுப்புநர்: அருமனை அண்ணாச்சி

இம்புட்டு பாடு எதுக்கு? ஹாலுசினேஷன்னே போடுங்க. பஸ்ஸ பேருந்துன்னு எழுதுறோம், ஏறும்போது பஸ்னுதான் ஏறுதோம். "வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ"ன்னு தொல்காப்பியரே வெளிச்சொல்லுக்கு கதவு திறந்துதானே வச்சாரு.

அனுப்புநர்: தேரூர் ஐயா

திறந்த கதவுல செருப்ப கழட்டி வச்சுட்டு வரச் சொன்னாரு ஓய். "வடஎழுத்து ஒரீஇ"ன்னா அந்த எழுத்த விட்டுட்டு. நீரு சொல்லுறபடி எழுதுனா ஆலுசினேசன்னு வரும். ஆலும் சினேகமுமா, கல்யாணப் பத்திரிகையா போடுதோம்?

பிரமையப் பத்தி யாருமே பேசல, அதையும் சொல்லிருதேன். பிரமைக்கு ரெண்டு வேர். பகரத்த கனமா சொல்லுற ப்ரமம், மயக்கம். இன்னொண்ணு ப்ரமா, தர்க்க சாஸ்திரத்துல பழுதில்லாத அறிவு, பிரமாணம் எல்லாம் அதுல இருந்து வந்தது. தமிழ்ல எழுதுனா ரெண்டும் ஒரே பிரமை! மெஷின் சொல்லுறது பிரமைன்னு ஒருத்தன் எழுதுனா அது மெய்யறிவா மயக்கமா?

தம்பி கன்னுக்குட்டி விஷயத்துல என்னை மடக்கிட்டான், அது உண்மை. அப்போ பேய்த்தேர்னு வைங்க. கானல்நீருக்கு பழைய பேரு. தண்ணி மாதிரி தெரியும், கிட்ட போனா இருக்காது.

அனுப்புநர்: குளச்சல் தம்பி

பேய்த்தேர் அழகுதான் ஐயா, எனக்கே ஆசையா இருக்கு. ஆனா கையேட்டுல பேயப் போட்டா பெத்தவங்க கூட்டத்துல யாரு பதில் சொல்லுவா? கானல் விடைன்னு போடலாம்னா எங்க கடல்கரைக்காரனுக்கு கானல்னா கானல்வரிக் கானல், சோலை. நிழல்.

அனுப்புநர்: தக்கலை டீச்சர்

நான் ஒரு டெஸ்ட் வச்சுப் பாத்தேன். வகுப்புல சொல்லு பெயரா மட்டும் வராது, வினையா வரணும். "பிள்ளையளே, மெஷின் இப்போ என்ன செய்யுது?" மாயத்தோற்றம் செய்யுது, நல்லால்ல. செப்புவழுவுது, ஐயா அடிக்க வருவாரு. பேய்த்தேருது, கேக்கவே வேண்டாம். தள்ளுது, நல்லாத்தான் இருக்கு, ஆனா மதுரைல இருந்து வர்ற டீச்சர் எதை தள்ளுதுன்னு கேப்பாங்க.

இட்டுக்கட்டுது. இட்டுக்கட்டுன குறள், இட்டுக்கட்டுன ஆசிரியர் பேரு, இட்டுக்கட்டாம சொல்லு. பெயருக்கு இட்டுக்கட்டல். எங்க அம்மை தெனமும் சொல்லுற வார்த்தை, "சும்மா இட்டுக்கட்டி பேசாத". இதப் போட்டுரட்டுமா?

அனுப்புநர்: அருமனை அண்ணாச்சி

போடுங்க டீச்சர், ராத்திரி பதினொண்ணு ஆச்சு.

அனுப்புநர்: மார்த்தாண்டம் டீச்சர்

எனக்கும் சரி. தள்ளு அடைப்புக்குள்ளயாவது வருமா?

அனுப்புநர்: தேரூர் ஐயா

எனக்கு சம்மதம் இல்ல. இட்டுக்கட்டுறவனுக்கு ஒரு நோக்கம் இருக்கும், ஒருத்தன கவுக்கணும், இல்ல தான் தப்பிக்கணும். மெஷினுக்கு அது ஏது? தோற்றம் கூடாது, அதுக்கு கண்ணில்லன்னு சொன்ன தம்பி, மனசில்லாத ஒண்ணு இட்டுக்கட்டுதுன்னா மட்டும் ஒத்துக்கிடுவானா?

தொல்காப்பியத்த அரங்கேத்துனப்ப எதுர்ல இருந்து கேட்டது அதங்கோட்டாசான், நம்ம விளவங்கோட்டு பக்கத்து அதங்கோடுன்னுதான் இங்க சொல்லுவோம். பாயிரம் "அரில்தபத் தெரிந்து"ன்னு சொல்லுது, அவருகிட்ட குத்தமறச் சொல்லிக் காட்டித்தான் நூலு வெளிய வந்துச்சு. நாம ஒரு சொல்ல ரெண்டு நாள்ல முடிக்கப் பாக்கோம்.

அனுப்புநர்: குளச்சல் தம்பி

ஐயா கேட்டது நியாயம், என்கிட்ட பதில் இல்ல. ஆனா பிள்ளைய அந்த விடைய சரிபாக்கணும், அதுக்கு கொஞ்சம் சந்தேகப்பட வைக்குற சொல்லு தேவை. பேய்த்தேர் ரசிக்க வைக்கும், இட்டுக்கட்டல் முறைக்க வைக்கும். என் ஓட்டு டீச்சருக்கு.

அனுப்புநர்: தக்கலை டீச்சர்

நன்றி. இட்டுக்கட்டல்னே போட்டுட்டேன், தள்ளும் அடைப்புக்குள்ள இருக்கு. ஐயாவோட மறுப்ப அடிக்குறிப்பா போட இடம் இல்ல, அடுத்த பதிப்புல பாப்போம். ப்ரூஃப் இணைச்சிருக்கேன்.

அனுப்புநர்: தேரூர் ஐயா

ப்ரூஃப் பாத்தேன். 14ஆம் பக்கம் மூணாவது வரில "இட்டுகட்டல்"னு இருக்கு. க் விட்டுப் போச்சு. வன்றொடர்க் குற்றியலுகரம் டீச்சர், வலி மிகும். எனக்குப் பிடிக்காத சொல்லா இருந்தாலும் ஒற்றோட போடுங்க.