‘வழியுரிமை’ வேண்டாம்: விலகுகலம், நிலைபோக்குக் கலம்

கடலில் இரு கலங்கள் நெருங்கும் நிலையைக் குறிக்க ‘வழியுரிமை’ (right of way, முதலில் செல்லும் உரிமை) என்ற சொல்லைக் கையாளலாம் என்னும் முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. சாலைக்கு அது பொருந்தலாம். ஆனால் 1972இல் ஏற்கப்பட்டு 1977 சூலை 15 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகள், இவ்வாறு நெருங்கும் இரு கலங்களுக்கும் கடமைகளையே விதிக்கின்றன. ஒன்று விலக வேண்டிய நிலையில் அது விலக வேண்டும். மற்றொன்று தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் செல்ல வேண்டும். விலகும் கலத்தின் மாலுமி மற்றதன் போக்கைக் கணித்தே சுக்கானைத் திருப்புகிறார் என்பதால், அந்தப் போக்கு இடையில் மாறினால் விலகிய செயலே மோதலில் முடியக்கூடும்.

17ஆம் விதி இதற்கு மேலும் செல்கிறது. விலக வேண்டியது தக்கபடி விலகவில்லை என்று தெரிந்தவுடன் மற்றது தானே நடவடிக்கை எடுக்கலாம். விலகும் கலத்தின் செயலால் மட்டும் மோதலைத் தவிர்க்க முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டால், எடுத்தே ஆக வேண்டும். இதற்கு ‘உரிமை’ என்று பெயர் வைப்பது ஆபத்தானது என்றே கருதுகிறேன்.

ஆகவே விலக வேண்டிய கலத்துக்கு (give-way vessel) ‘விலகுகலம்’ என்ற வினைத்தொகையைப் பரிந்துரைக்கிறேன். போக்கை மாற்றாமல் செல்லும் கலத்துக்குத் (stand-on vessel) ‘தொடர்கலம்’ என்பது சுருக்கமாக இருந்தாலும், பின்தொடர்ந்து வரும் கலம் என்ற பொருள் அதில் முந்திக்கொள்கிறது. ‘நிலைகலம்’ என்றாலோ நங்கூரமிட்டு நிற்பது போலத் தோன்றும். ‘நிலைபோக்குக் கலம்’ சற்று நீளமானதாயினும் திசை, வேகம் இரண்டையும் உள்ளடக்குகிறது.

கல வகைகளைப் பற்றிய 18ஆம் விதியை ‘முன்னுரிமை வரிசை’ என்பதைவிட ‘விலகு வரிசை’ என்பதே சரி. எந்திரத்தால் செல்லும் விசைக்கலம் பாய்மரக் கலத்துக்கும், மீன்பிடிக்கும் கலத்துக்கும், செய்யும் பணியால் இயக்கம் மட்டுப்பட்ட கலத்துக்கும், பழுது போன்ற அசாதாரண நிலையால் கட்டுப்பாடு இழந்த கலத்துக்கும் விலக வேண்டும். பாய்மரக் கலம் பின்னைய மூன்றுக்கும், மீன்பிடிக்கும் கலம் இயன்றவரை கடைசி இரண்டுக்கும் விலக வேண்டும். முந்திச் செல்லும் கலம் எவ்வகையினதாயினும் முந்தப்படும் கலத்துக்கு விலக வேண்டும் என்பதால், பாய்மரக் கலமும் விசைக்கலத்தை முந்தும்போது விலகுகலமே ஆகிறது.

இங்கே ‘மீன்பிடிக் கலம்’ என்று எழுதாமல் ‘மீன்பிடிக்கும் கலம்’ என்று பெயரெச்சமாக எழுத வேண்டும் என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் வலையோ பிற கருவியோ நீரில் இருக்கும்போது மட்டுமே விதி அதற்கு இந்த இடத்தைத் தருகிறது. பிடித்த மீனுடன் கரை திரும்பும் விசைப்படகு வெறும் விசைக்கலமே. பாய் விரித்திருந்தாலும் எந்திரத்தால் செலுத்தப்படும் கலமும் அவ்வாறே. கப்பலின் பெயர்ப்பலகையைப் பார்த்து வகை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அது செய்வதைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு சொல் எஞ்சியிருக்கிறது. அமிழ் ஆழத்தால் கட்டுண்ட கலத்துக்கு, அதாவது நீரில் மிக ஆழமாக அமிழ்ந்திருப்பதால் தன் வழியிலிருந்து எளிதில் திரும்ப இயலாத விசைக்கலத்துக்கு, பிற கலங்கள் ‘விலக வேண்டும்’ என்று விதி கூறவில்லை. சூழல் இடமளித்தால் அதன் பாதுகாப்பான பயணத்துக்கு ‘இடையூறாகாதிருக்க வேண்டும்’ என்கிறது. அது கடந்து செல்லப் போதிய கடற்பரப்பை முன்கூட்டியே விட்டுவைப்பது என்பதே இதன் பொருளாகையால், ‘விலகல்’ என்ற சொல்லோடு இதைக் கலக்காமல் ‘இடந்தருதல்’ என்று தனியே வழங்கலாம்.